முதல் பக்கத்தில் போகிறார், நாலாம் பக்கத்தில் வருகிறார்

“காது டீச்சர் போறாங்களா, வர்றாங்களா? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க மடலக்கா, எனக்கு வகுப்புக்கு நேரமாச்சு.”

திங்கட்கிழமை காலை பத்தே கால் மணி. தொலைபேசியில் பேசியது ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. மடலக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“என்ன டீச்சர் கேக்கறீங்க?”

“நீங்க அனுப்பின மாத மடலைத்தான் கையில வச்சிருக்கேன். முதல் பக்கத்துல, செவிப் பரிசோதகர் முப்பதாம் தேதியோட விடைபெறுகிறார், அந்த இடத்துக்கு வேற ஆள் கிடையாதுன்னு போட்டிருக்கீங்க. நாலாம் பக்கத்துல, அடுத்த மாசம் ஒன்பதாம் தேதி செவிப் பரிசோதனை நாள், குழந்தைகளைக் கூட்டிட்டு வாங்கன்னு போட்டிருக்கீங்க. ஆளு போயிட்டா பரிசோதனையை யாரு பண்ணுவா? அவங்க நாற்காலியா?”

மடலக்கா மேசை மீது கிடந்த மடலைப் பிரித்தாள். முதல் பக்கம் பார்த்தாள். நாலாம் பக்கம் பார்த்தாள்.

“நான் திரும்பக் கூப்பிடறேன் டீச்சர்” என்று வைத்துவிட்டாள்.

மடலக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. அந்த மண்டலக் கல்வி அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக மாத மடலைத் தயாரிப்பவள் அவள்தான். நாலே பக்கம். முதல் பக்கம் பணியாளர் செய்திகள்: யார் வந்தார், யார் போனார், யாருக்குப் பதவி உயர்வு. நடு இரண்டு பக்கமும் சுற்றறிக்கைகள். நாலாம் பக்கம் வரும் நிகழ்வுகள். எண்பத்து நான்கு பள்ளிகளுக்கும் அது போகும். இயக்குநர் முதல் மூன்று பக்கத்தைப் படித்துக் கையெழுத்துப் போடுவார். நாலாம் பக்கத்தைப் படிக்காமலே போடுவார். மடலக்கா போட்ட தேதி என்றால் அது கல்லில் வெட்டிய எழுத்து.

அவள் வேலை செய்யும் முறையும் எளிமையானது. போன வருடம் இதே மாதத்து மடலைக் கணினியில் திறப்பாள். அதன் மேலேயே எழுதுவாள். தேதியை மாற்றுவாள், கிழமையைச் சரிபார்ப்பாள், பயிற்சி நடத்துபவர் மாறியிருந்தால் மாற்றுவாள். வெறும் தாளில் தொடங்குகிறவர்கள் எதையாவது மறந்துவிடுவார்கள், பழைய தாளில் தொடங்கினால் மறக்கவே முடியாது என்பது அவள் கொள்கை. இந்த முறையும் அவள் எதையும் மறக்கவில்லை. வினையே அதுதான். போன வருடம் இருந்த செவிப் பரிசோதனை நாளை இந்த வருடமும் மறக்காமல், தேதி மாற்றி, வியாழக்கிழமைதானா என்று பார்த்து, அழகாகப் போட்டிருந்தாள். முதல் பக்கத்தில் அந்த அம்மாளை வழியனுப்பியதும் அதே விரல்கள்தான்.

பக்கத்து மேசையிலிருந்து ஒரு கழுத்து நீண்டது.

“என்ன மடலக்கா, முகம் வெளுத்துப் போச்சு?”

கழுத்துக்குச் சொந்தக்காரர் கோந்து. கோப்புகளை அவர் ஒட்டினால் பிரிக்க முடியாது, நாற்காலியில் அவர் ஒட்டினாலும் பிரிக்க முடியாது. அலுவலக விதிகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.

மடலை அவர் பக்கம் நகர்த்தினாள். கோந்து படித்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடியும் படித்தார்.

“யானைக்கும் அடி சறுக்கும்கறது சரிதான். ஆனா இந்த யானை எண்பத்து நாலு ஊருக்கு ஒரே நேரத்துல சறுக்கியிருக்கு!”

கேலி செய்தாரே தவிர, குரலை வழக்கத்துக்கு மாறாகத் தணித்துக்கொண்டார். காரணம் இருந்தது. அடுத்த வாரம் கண்காணிப்பாளர் பதவிக்கான பட்டியல் தலைமையகத்துக்குப் போகிறது. அந்தப் பட்டியலில் முதல் பெயர் மடலக்கா. பதினோரு வருடக் காத்திருப்பு. இரண்டாவது பெயர் கோந்து.

இயக்குநர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூட மடலக்காவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“அச்சுப்பிழைன்னு ஒரு வரி எழுதி, பரிசோதனை நாள் ரத்துன்னு எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிடுங்க. முடிஞ்சுது” என்றார். பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்: “பட்டியல் போற நேரம். எதுக்கு வீணா வம்பை வளர்க்கணும்? யாருடைய பிழைன்னு யாரும் கேக்கப் போறதில்லை.”

“சரி சார்.”

வரியை எழுதிவிட்டாள். ஆனால் அனுப்பவில்லை. தூரத்துப் பள்ளிகள் கடிதத்தைப் பிரிக்கவே நாலு நாள் ஆகும். அதற்குள் குழந்தைகளின் பெயர்களைச் சேர்த்து, வண்டி பேசி, பெற்றோரிடம் சொல்லிவிடுவார்கள். முதலில் தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை காலை உட்கார்ந்தாள். அதற்குள்ளாகவே பதில்கள் வந்து குவிந்திருந்தன. முப்பத்தேழு பள்ளிகள், இருநூற்றுப் பதின்மூன்று குழந்தைகள். போன வருடம் மொத்தமே அறுபதுதான். இந்த வருடம் இத்தனை பேர் வரக் காரணம் அவளுடைய முதல் பக்கம். காது டீச்சர் போகிறார், இனி இல்லை என்று அதில் படித்தவர்கள், நாலாம் பக்கத்தைப் பார்த்ததும் கடைசி வண்டியைப் பிடிக்கிறவர்கள் மாதிரி ஓடிவந்திருந்தார்கள்.

முதல் இரண்டு பள்ளிகள் ‘அப்படியா’ என்று கேட்டுக்கொண்டன. மூன்றாவது பள்ளியில் ஒரு வகுப்பாசிரியை எடுத்தாள். மடலக்கா வாய் திறப்பதற்குள் அவளே தொடங்கிவிட்டாள்.

“நல்ல வேளை நீங்களே கூப்பிட்டீங்க. எங்க வகுப்புல ஒரு பொண்ணு, பதினோரு வயசு. கடைசி பெஞ்சு. பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டா. ஒரு கேள்வி கேட்டா வேற பதில் சொல்லுவா. திமிருன்னு நினைச்சு ரெண்டு மாசமா நானே அவளை வாசல்ல நிக்க வச்சிருக்கேன் மேடம். நேத்து உங்க மடலைப் பாத்தப்பதான், ஐயோ, ஒருவேளை காதா இருக்குமோன்னு ஒரு பொறி தட்டுச்சு. நேத்து ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. ஒன்பதாம் தேதி எத்தனை மணிக்கு வரணும்?”

மடலக்காவின் கையில் அந்த ஒரு வரி இருந்தது. ரத்து.

“எத்தனை மணின்னு… சொல்றேன். அப்புறம் சொல்றேன்” என்றாள்.

நாலாவது பள்ளிக்கு அவள் பேசவே இல்லை.

காது டீச்சரின் அறை, கட்டடத்தின் பின்பக்கம் சாமான் அறையை ஒட்டி இருந்தது. சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை. நடுவில் ஒரு குட்டி மேசை, ஒரு குட்டி நாற்காலி, காதில் மாட்டும் ஒலிப்பான், ஒரு டப்பா நிறைய வண்ண மரக்கட்டைகள். காதுக்குள் சத்தம் கேட்டால் ஒரு கட்டையை எடுத்துப் பக்கத்திலுள்ள காலி டப்பாவில் போட வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை. அந்தச் சத்தத்தை ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொண்டே போய், குழந்தையின் கை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் காது டீச்சரின் வித்தை.

இனிமேல் காதுகளை மருத்துவமனையே பார்த்துக்கொள்ளும் என்று தலைமையகம் முடிவெடுத்துவிட்டது. காது டீச்சருக்குத் தலைமையகத்தின் மாணவர் சேர்க்கைப் பிரிவில் ஒரு மேசை.

உள்ளே போனபோது அந்த அம்மாள் பெட்டிக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு. அட்டைக் கோப்பு ஒன்றை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். யார் அறைக்குள் வந்தாலும் முதலில் இதுதான். புதிதாய் வந்த இயக்குநரிடம் முதல் நாளே இப்படிக் கேட்டுவிட்டு, ‘சார், இடது காது கொஞ்சம் மந்தம்’ என்று சபையில் அறிவித்தவள் அவள்.

“கேக்குது டீச்சர். ‘தப்புப் பண்ணிட்டு வந்திருக்கீங்களா’ன்னு கேட்டீங்க.”

“காது நல்லா இருக்கு. கண்ணுதான் நாலாம் பக்கத்துல மங்கிடுச்சு போல.” காது டீச்சர் சிரித்தாள். “உக்காருங்க. அழாதீங்க, இந்த அறையில ஈரம் ஆகாது.”

பின்னாலேயே வந்திருந்த கோந்து வாசலில் நின்றபடி, “நானும் சொல்லிப் பாத்துட்டேன், வருத்தப்படாதீங்கன்னு. செவிடன் காதுல ஊதின சங்கு…” என்று தொடங்கி, எங்கே நிற்கிறோம் என்பது உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஊதுங்க சார், ஊதுங்க. எந்தச் சத்தத்துல கேக்குது, எதுல கேக்கலைன்னு நான் எழுதித் தரேன். சங்கைக் குத்தம் சொல்லாம காதைக் குத்தம் சொல்றதே இந்த ஊரு உலகத்துக்கு வழக்கமாப் போச்சு.”

மடலக்கா அந்தப் பதினோரு வயதுப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். காது டீச்சரின் கை செய்தித்தாளைக் கசக்குவதை நிறுத்தியது. கேலியெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“மொத்தம் எத்தனை பேர்?”

“இருநூத்திப் பதிமூணு.”

“இந்த நாற்காலியில ஒரு நாளைக்கு எண்பது பேருக்கு மேல முடியாது.” கண்ணை மூடி ஒரு நிமிடம் இருந்தாள். “ஆனா எல்லாரையும் நாற்காலியில உக்கார வைக்கணும்னு என்ன? முதல்ல ஒரு சல்லடை. குழந்தைக்குப் பின்னாடி ஒரு கை தூரத்துல நின்னு, அது ஒரு காதைப் பொத்திக்கிட்டப்புறம், மெதுவா மூணு வார்த்தை. ஏழு, மரம், நாலு. திருப்பிச் சொல்லிட்டா அந்தக் காது பாஸ். சொல்லலைன்னா என்கிட்ட அனுப்பணும். நாற்பது, ஐம்பது பேர் வருவாங்க. அதை நான் பாத்துடுவேன். மெதுவாப் பேச ஆறு பேர் வேணும். இந்த ஆபீசுல வேலைக்குத்தான் பஞ்சம், பேச ஆளுக்கா பஞ்சம்?”

மடலக்கா அவளை வாய் பிளந்து பார்த்தாள். பெட்டி கட்டிக்கொண்டிருப்பவள், முப்பதாம் தேதி யாரோ எங்கேயோ போடப்போகும் ஒரு மேசைக்குப் போகிறவள், ஒரு நிமிடத்தில் இருநூறு குழந்தைகளை நிறுத்தும் வரிசையை மனதில் போட்டு முடித்துவிட்டாள்! தான் பத்தொன்பது வருடத்தில் பழைய தாள் இல்லாமல் ஒரு வரி எழுதியதில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

“எல்லாம் சரி” என்று காது டீச்சர் மறுபடி செய்தித்தாளை எடுத்தாள். “ஒன்பதாம் தேதி நான் இங்க இருக்கணுமே. அதுக்கு வழி இல்ல.”

வாசலில் கோந்து தொண்டையைச் செருமினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

“வழி… இருக்கு. ஆனா நான் சொன்னா நல்லா இருக்காது.”

“சொல்லித் தொலைங்க சார்” என்றாள் மடலக்கா.

“நிர்வாகக் காரணம் இருந்தா, ஒருத்தரை விடுவிக்கறதை இயக்குநர் பத்து நாள் வரைக்கும் தள்ளி வைக்கலாம். தலைமையகத்தைக் கேக்க வேண்டாம். ஆனா காரணம் கோப்புல எழுத்துல இருக்கணும். அச்சுப்பிழை காரணம் ஆகாது. அச்சுப்பிழைக்குத் திருத்தம் போட்டா போதும்னு விதி. ‘பொறுப்பான பணியாளர் தவறுதலா அறிவிப்பு வெளியிட்டார், பள்ளிகள் அதை நம்பி ஏற்பாடு பண்ணிட்டாங்க’ன்னு இருந்தா, அது காரணம். எழுதறவங்க தன் கையால எழுதிக் கையெழுத்துப் போடணும். போட்டா மெமோ வரும். மெமோ இருந்தா இந்த வருஷப் பட்டியல்ல பேர் இருக்காது.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“சுருக்கமாச் சொன்னா, அச்சுப்பிழைன்னா நாள் இல்ல. உங்க பிழைன்னா நாள் உண்டு. பட்டியல்ல அடுத்த பேர் யாருதுன்னு உங்களுக்கே தெரியும். அதனாலதான் சொல்லமாட்டேன்னேன். எனக்காகச் சொன்ன மாதிரி ஆயிடும்.”

காது டீச்சர் மடலக்காவைப் பார்த்தாள். “எழுதாதீங்க” என்றாள். வாயை மறைக்காமல், தெளிவாக. “பதினோரு வருஷம் சும்மா இல்ல. அந்தப் பொண்ணோட விலாசத்தைக் குடுங்க, நான் ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துக்கறேன்.”

“மத்த இருநூத்திப் பன்னிரண்டு பேரு?”

காது டீச்சர் கையிலிருந்த செய்தித்தாளைப் பெட்டிக்குள் திணித்தாள்.

மடலக்காவின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அன்று மாலை வீட்டில் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து, எண்ணெய்க் கறை போகாத விரல்களால் உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார். கல்லூரியில் படிக்கும் மகள் கதவில் சாய்ந்து நின்றாள்.

“அம்மா, நீ கண்காணிப்பாளர் ஆகப்போறேன்னு அப்பா ஏற்கெனவே அத்தைகிட்ட சொல்லிட்டாரு.”

“ஐயையோ! உன் அத்தைகிட்டயா?” அடுப்பை அணைத்தாள் மடலக்கா. “அப்ப ஊர் முழுக்கத் தெரிஞ்சிருக்குமே.”

“நான் ஒண்ணும் தம்பட்டம் அடிக்கல” என்றார் கணவர். “தனி ரூம் கிடைக்கும், ஜன்னல் இருக்கும்னு சொன்னேன், அவ்வளவுதான்.” தோலைச் சீவிக்கொண்டே போனார். “எனக்கு உங்க விதியெல்லாம் தெரியாது. என் வேலையில ஒண்ணு உண்டு. லிஃப்ட் நடுவுல நின்னா, யார் தப்புன்னு அப்புறம் பாக்கலாம், முதல்ல உள்ள இருக்கறவங்களை வெளிய எடுன்னு சொல்லுவாங்க. ஆனா அங்க யாரும் என் பதவியைப் பிடுங்க மாட்டாங்க. அதனால நான் சொல்றது லேசு. முடிவு உன்னோடது.”

“பிடுங்கட்டும்னு சொல்றீங்களா, வேண்டாம்னு சொல்றீங்களா?”

“உருளைக்கிழங்கு ரெடின்னு சொல்றேன்.”

மகள் களுக்கென்று சிரித்தாள். மடலக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறையை அவள் எத்தனையோ முறை வெளியிலிருந்து பார்த்திருக்கிறாள். மேசையை எந்தப் பக்கம் திருப்பிப் போடலாம் என்றுகூட மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். ஆனால் அந்த ஜன்னலை நினைக்கும்போதெல்லாம் கூடவே ஒரு வகுப்பறை வாசலும், அதில் காரணம் புரியாமல் நிற்கும் ஒரு பெண்ணும் வந்து நின்றார்கள். இரண்டையும் அவளால் பிரிக்க முடியவில்லை.

புதன்கிழமை காலை அவள் விளக்கக் கடிதம் எழுதினாள். திறக்கப் பழைய மடல் எதுவும் இல்லை. வெறும் தாள். அரைப் பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆனது.

இயக்குநர் அதை இரண்டு முறை படித்தார்.

“நான் அந்த ஒரு வரிதானே கேட்டேன்?”

“அதுவும் எழுதி வச்சிருக்கேன் சார். ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்கலாம். ஆனா அந்த வரி உண்மை இல்ல. மெஷின் தப்பா அச்சடிக்கல. நான்தான் போட்டேன். பள்ளிக்கூடத்துல எல்லாரும் நம்பிட்டாங்க.”

“பட்டியல்?”

“தெரியும் சார்.”

அவர் மேசை மீதிருந்த மடலை எடுத்து நாலாம் பக்கத்தைப் புரட்டினார். “நானும் நாலாம் பக்கத்தைப் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன்” என்றார். “அதையும் ஒரு வரி சேர்த்துடறேன். ஆனா என் வரி உங்க மெமோவைத் தடுக்காது.”

பத்து நாள் நீட்டிப்பு ஆணையிலும் மெமோவிலும் அவர் ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டார். மடலக்கா அந்தத் திருத்த வரியைக் கிழித்தாள்; ரத்து என்று சொல்லியிருந்த முதல் இரண்டு பள்ளிகளிடமும் நாள் உண்டு என்று சொல்லிவிட்டு, மூன்றாவது பள்ளிக்குத் தொலைபேசி செய்தாள். “ஒன்பது மணிக்கு வந்துடுங்க டீச்சர்.”

அடுத்த இரண்டு வாரம் அந்த அலுவலகத்தைப் பார்த்தவர்கள், அங்கிருந்த எல்லோருக்கும் பேய் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். மாலை நான்கு மணி ஆனால் தாழ்வாரத்தில் ஆறு பேர் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் நின்று ‘ஏழு, மரம், நாலு’ என்று முணுமுணுத்தார்கள். காது டீச்சர் நடுவில் நடந்துகொண்டே திருத்துவாள். “மூச்சை முழுக்க விட்டுட்டுப் பேசுங்க. அப்பத்தான் எல்லார் சத்தமும் ஒரே அளவுல வரும்.” கோந்து மட்டும் தேறவில்லை. அவர் ரகசியம் பேசினால் தெருமுனையில் கேட்கும்.

“சார், நீங்க பேசினா செவிப் பறை கிழிஞ்ச குழந்தைகூட பாஸ் ஆயிடும். நீங்க வாசல்ல நின்னு டோக்கன் குடுங்க.”

“என் தொண்டைக்கு ஒரு மெமோ குடுத்துட்டாங்களேய்யா” என்று புலம்பிக்கொண்டே கோந்து டோக்கன் வெட்ட உட்கார்ந்தார்.

ஒன்பதாம் தேதி வந்தது. தொலைபேசி ரிசீவர்களை எடுத்துக் கீழே வைத்தார்கள். மின்விசிறிகளை நிறுத்தினார்கள். இயக்குநர் தன் ஷூ சத்தம் போடுகிறது என்று கழற்றிவிட்டு, காலுறையோடு நடந்தார். இருநூற்றுப் பதின்மூன்று குழந்தைகளும், கூட வந்த பெற்றோரும் ஆசிரியர்களும் இருந்த கட்டடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும்.

மடலக்காவுக்குப் பஞ்சு அறையில் வேலை. பெயர் எழுத வேண்டும், காது டீச்சர் சொல்வதைக் குறிக்க வேண்டும். அதுவரை அந்த அம்மாள் வேலை செய்வதை அவள் ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை. மடலில் வருடா வருடம் ஒரு வரியில் அறிவித்ததோடு சரி.

இப்போது பார்த்தாள். குழந்தையின் முகத்தைக் காது டீச்சர் பார்ப்பதே இல்லை. தோளைப் பார்த்தாள். சத்தம் கேட்டால் கை நகர்வதற்கு முன்னால் தோள் லேசாகத் தூக்குமாம். பயந்த குழந்தையிடம் முதலில் நல்ல சத்தமாகக் கொடுத்து ஜெயிக்க வைத்தாள். அவசரக் குழந்தையை இடைவெளி விட்டு விட்டு ஆற வைத்தாள். ஒரு வாண்டு டொக், டொக், டொக் என்று தாளம் தவறாமல் கட்டைகளைப் போட்டுக்கொண்டே இருந்தான். நூற்றுக்கு நூறு! அவன் அம்மா பூரித்துப்போனாள். காது டீச்சர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டொக், டொக்.

“கண்ணா, நான் இன்னும் மெஷினைப் போடவே இல்லையே.”

வாண்டு கட்டையைக் காற்றிலேயே நிறுத்தினான். “நான் முன்னாடியே கேட்டுட்டேன்” என்றான். அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மறுபடி முதலிலிருந்து. அந்தச் சமத்துக்குப் பின்னால் ஒரு காது முழுக்க மந்தம் என்று ஐந்தாவது நிமிடம் தெரிந்தது. அம்மாவின் முகம் மாறியது. காது டீச்சர் அவளிடம் தாழ்ந்த குரலில் என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த குழந்தைக்கு ஒலிப்பானைத் துடைத்து வைத்திருந்தாள்.

பகல் இரண்டு மணிக்கு அந்த வகுப்பாசிரியையின் முறை வந்தது. இளம் வயது. கை விரல் பிடித்துக்கொண்டு அந்தப் பெண். சல்லடையில் இரண்டு காதும் நின்றுவிட்டன.

பரிசோதனை பத்து நிமிடம் நடந்தது. முதல் சத்தங்களுக்கெல்லாம் கட்டை விழுந்தது. சத்தம் கீச்சென்று மேலே போகப் போக, தோள் அசையவே இல்லை. காது டீச்சர் அளவைக் கூட்டினாள், கூட்டினாள். கடைசியில் ஒரு கட்டை தயங்கித் தயங்கி விழுந்தது.

காது டீச்சர் ஒலிப்பானைக் கழற்றினாள். அந்தப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்து, “உனக்குப் பிடிச்ச நிறம் என்ன?” என்றாள்.

“நீலம்.”

கோப்பால் வாயை மறைத்துக்கொண்டு, “சட்டை என்ன நிறம்?” என்றாள்.

அந்தப் பெண் யோசித்தாள். “பட்டை… மரத்துப் பட்டையா? பழுப்பு.”

ஆசிரியை பக்கம் திரும்பினாள் காது டீச்சர். “உங்க குரல் இவளுக்குக் கேக்குது டீச்சர். சொல்லுதான் கேக்கல. சட்டை, தட்டை, பட்டை, மூணும் இவளுக்கு ஒண்ணுதான். முகத்தைப் பாத்தா உதட்டைப் படிச்சு ஒப்பேத்திடறா. நீங்க கரும்பலகைப் பக்கம் திரும்பினா அவளுக்கு வகுப்பே முடிஞ்சுது. இத்தனை நாள் யாருக்கும் தெரியாம பாஸ் பண்ணிக்கிட்டு வந்திருக்கா. கெட்டிக்காரி. கருவி மாட்டினா தேறிடுவா. மருத்துவமனையில தேதி வாங்கித் தருவோம்.”

“நான் இவளை… வெளிய…” என்று தொடங்கினாள் ஆசிரியை.

“நாளைக்கு முதல் பெஞ்சுல உக்கார வைங்க. அழறதா இருந்தா வீட்டுக்குப் போய் அழுங்க. அவ உங்க முகத்தைத்தான் படிச்சிட்டிருக்கா.”

ஆசிரியை சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்க முயன்றாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். மடலக்கா தலையைக் குனிந்து எழுதினாள். பேனா ஓடவில்லை. இத்தனை பெரிய மனுஷியைப் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒரு வரியில் கணக்குத் தீர்த்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு முடிந்தது. சல்லடையில் நின்றவர்கள் நாற்பத்தொரு பேர். மருத்துவமனைக்கு எழுதியது பதினேழு பேர். காது டீச்சர் ஒரு முழுச் செம்பு தண்ணீரை நின்றபடியே குடித்தாள். மறுநாள் பெட்டியோடு தலைமையகத்துக்குக் கிளம்பிவிட்டாள். இயக்குநர் அந்த நாளின் கணக்கை எழுதி, அந்தப் பணியிடத்தை மூட வேண்டாம் என்று மேலே ஒரு கடிதம் அனுப்பினார். பதில் வரும்போது வரட்டும்.

மூன்று வாரம் கழித்துக் கண்காணிப்பாளர் அறைக்குள் மடலக்கா நுழைந்தபோது, கோந்து புது நாற்காலியில் ஓரமாக, விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் பதவி உயர்வுச் செய்தியை முதல் பக்கத்தில் தட்டச்சு செய்ததும் அவள்தான். மேசை மீது கோப்பு ஒன்றை வைத்தாள்.

“என்ன இது?”

“பதினேழு குழந்தைங்க. மருத்துவமனை மூணு மாசம் கழிச்சுத்தான் தேதி தருவாங்களாம். கண்காணிப்பாளர் நேர்ல போய்க் கேட்டா பதினஞ்சு நாள்ல தரலாம்னு விதி இருக்கு. நீங்கதான் சொன்னீங்க, போன வருஷம்.”

“உக்காந்து இன்னும் நாற்காலி சூடாகலை! முதல் வேலையே வெயில்ல அலையறதா?”

“நாற்காலியில ஒட்டிக்கறதுக்குள்ள கிளப்பிடணும்ல.”

கோந்து சிரித்தார். கோப்பைப் பிரித்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். பிறகு நிமிராமலே கேட்டார்.

“உங்களுக்கு வருத்தமே இல்லையா மடலக்கா? உண்மையைச் சொல்லுங்க.”

“இருக்கு” என்றாள் அவள். “ஜன்னல் நான் நினைச்சதை விடப் பெரிசா இருக்கு.”

பிறகு கையை நீட்டிக் கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள்.

“இங்க போடுங்க. மருத்துவமனையில பன்னிரண்டு மணிக்கு ஜன்னலை மூடிடுவாங்க. தேதி கிடைச்சதும் எனக்கு ஃபோன் பண்ணுங்க, நாலாம் பக்கத்துல போடணும். மடல் இன்னிக்கே அச்சுக்குப் போகணும்.”

கோந்து கையெழுத்துப் போட்டார். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.